திரும்பி வந்த வத்தல்

1

உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு படிவம் என்னைக் கேட்கிறது. கேட்டுவிட்டு அடியில் சின்ன எழுத்தில் அதுவே விளக்கமும் தருகிறது: கணவர் அல்லது மனைவி, ஒரே வீட்டில் வசிக்கும் பிள்ளைகள். எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் என் தம்பி பாண்டி அதில் சேர்த்தி இல்லை. நெதர்லாந்துக்கு வந்து இந்தப் புரட்டாசியோடு பத்தொன்பது வருஷம் முடிந்துவிட்டது. இந்த நாட்டுப் படிவங்கள் எத்தனையோ நிரப்பிவிட்டேன். இந்த ஒன்றில் மட்டும் அந்தக் கேள்வி வரும்போது கை கொஞ்சம் தயங்கும்.

படிவம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உணவில் சேரும் நஞ்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். பூஞ்சணம் பிடித்த தானியத்தில், கடலையில், வத்தலில் ஊறும் நஞ்சுதான் என் பாடம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், உணவு ஆபத்துகளைப் பற்றி ஐரோப்பிய அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே நான் ஊழியர் இல்லை. எந்த நாட்டின் சார்பாகவும் உட்காரவில்லை, பல்கலைக்கழகத்தின் சார்பாகவும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். யாருக்காகவும் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் படிவம். எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறாய், யார் செலவில் எந்த ஊருக்குப் போனாய், உன் வீட்டில் யாருக்கு இதனால் ஆதாயம் என்று துருவித் துருவிக் கேட்கும்.

அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், 'வெளிநாட்டுல சாப்பாடு நல்லாருக்கான்னு பாத்துச் சொல்ற வேலை' என்று பாண்டி சொல்லிவைத்திருக்கிறான். அது ரொம்பத் தப்பும் இல்லை.

போன வருஷம் எங்கள் மேசைக்கு வந்தது மிளகாய் வத்தல். வெளிநாடுகளிலிருந்து வரும் வத்தலில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு எந்த அளவுக்கு இருக்கிறது, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டிருந்தார்கள். அறிக்கையின் முக்கியமான பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டு மாதம் எழுதினேன். வத்தல் காயும் களத்தில் வளர்ந்தவர் அந்த மேசையைச் சுற்றி வேறு யாரும் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

2

பாண்டியின் போன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. குழு கூடுவதற்கு ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் அய்யாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் பருத்தியும் மிளகாயும் எடுக்கக் கூலிக்குப் போனவர்கள். பாண்டி பத்து வருஷம் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு, திருச்சுழிப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போட்டான். பிறகு பதினெட்டுக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தான். கூலிக்காரர் வீட்டு மகன் கூப்பிட்டு நிலக்காரர் வீட்டு ஆட்களும் வந்து சேர்ந்தது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. கமிஷன் கடையில் போடாமல், தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலமாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வருஷம்தான் முதல் லோடு கப்பலேறியிருந்தது. ஐரோப்பாவுக்கு என்று தெரியும். எந்தத் துறைமுகம் என்று நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்காமல் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

"அக்கா, நம்ம லோட நிப்பாட்டிட்டாக. ராட்டர்டாமாம். ஒனக்குப் பக்கம்தான?"

பக்கம்தான். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்.

மாதிரி எடுத்துப் பார்த்ததில் நஞ்சு வரம்புக்கு மேல் இருந்ததாம். ஏற்றுமதிக்காரர் இன்னொரு சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். குழுவில் இருக்கிறவள் என்று சொல்லி நான் ஒரு வார்த்தை பேசினால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பார்கள் அல்லவா என்று பாண்டி கேட்டான். அப்படிப் பேசினால் அன்றோடு நான் குழுவில் இருக்கும் தகுதியை இழந்துவிடுவேன் என்று சொன்னேன்.

வத்தலை எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டேன். மாசிக் கடைசியில் நினைக்காத நேரத்தில் மழை பிடித்திருக்கிறது. பாதி காய்ந்து களத்தில் கிடந்ததை அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். நாலு நாள் அப்படியே கிடந்தது. பிறகு நல்ல வெயிலில் பரப்பிச் சருகாகக் காயவைத்ததாகவும், நிறமும் போகவில்லை வாசமும் போகவில்லை என்றும் அழுத்தி அழுத்திச் சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நாலு நாள் போதும். ஈரமும் வெக்கையும் சேர்ந்த குவியலுக்குள் பூஞ்சை தன் வேலையை முடித்துவிடும். பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் பூஞ்சைதான் சாகும், அது விட்ட நஞ்சு அங்கேயேதான் இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் இனியா போனை வாங்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நினைப்பதெல்லாம் டச்சில், பேசும்போது தமிழாக்கிக்கொள்வாள். "மாமா, உங்க மொளகாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவள் தமிழைக் கேட்டால் எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஆமாத்தா, சொகமில்ல" என்றான்.

3

விதிப்படி நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தம்பி என் வீட்டில் வசிப்பவன் இல்லை. அறிக்கை எந்த ஒரு லோடைப் பற்றியதும் இல்லை. மூன்று நாள் இதையே திருப்பித் திருப்பி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் என்னை விலக்கிவிடுவார்கள் என்பது நிச்சயம். அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது. அதற்காக நான் ஒருத்திதான் மல்லுக்கு நின்றிருந்தேன். இங்கே சராசரி ஆள் சாப்பிடும் வத்தல் ஒரு சிட்டிகை. ஆனால் நம் ஊர்களிலிருந்து வந்து குடியிருக்கும் வீடுகளில் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், பிள்ளைகளுக்கும் ஊட்டுகிறோம். சராசரியில் எங்களைக் கரைத்துவிடாதீர்கள், தனியாகப் பாருங்கள் என்பதுதான் அந்தப் பத்தி. நான் எழுந்து போய்விட்டால் அதற்காகப் பேச ஆள் கிடையாது. அதனால் நான் வாயை மூடிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருப்பதுதான் நியாயம் என்று பட்டது. பேசாமல் இருப்பதற்கு என்னிடம் இருந்த காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்களாக இருந்தன. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நாலாம் நாள் ஹெலனைக் கூப்பிட்டேன். எங்கள் குழுவின் காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவள். முழுவதையும் கேட்டுவிட்டு, தம்பியின் வியாபாரத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். எப்போதாவது ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்றாள். சங்கத்துக்கு வத்தல் காயவைக்க சிமெண்டுக் களம் போட்டபோது நான் பணம் அனுப்பி உதவியிருந்தேன். அதைப் படிவத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கா தம்பிக்குச் செய்தது என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? அதையும் எழுதிவிடுங்கள் என்றாள் ஹெலன்.

எழுதினேன். சங்கத்தின் பெயர், தம்பியின் பெயர், களம், எல்லாம்.

கூட்டத்தன்று பதினோரு மணிக்கு வத்தல் அறிக்கை எடுக்கப்பட்டது. தலைவர் என் பெயரை வாசித்து, இந்தப் பொருள் முடியும்வரை இவர் அறையில் இருக்கமாட்டார் என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பதினாறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நடைவழியில் ஒரு நாற்காலி. எதிரே கண்ணாடிக் கதவு. குரல் கேட்காது, வாயசைவு தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். என் பத்தி திரையில் வந்தபோது எழுத்தின் நீளத்தை வைத்தே அடையாளம் தெரிந்தது. ஒருவர் கையை நீட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பத்தி திரையை விட்டுப் போனது. அது அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய்விட்டது என்று சாயங்காலம் தெரிந்தது. பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை.

ஹெலன் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சரியாகத்தான் செய்தீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

4

இரண்டாவது சோதனையிலும் லோடு தேறவில்லை. அந்த வாரமே பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க பேர அங்க எழுதிக் குடுத்துட்டியா?" என்றான்.

அந்தக் காகிதம் துறைமுகத்துக்குப் போகாது, அவன் லோடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அப்படியானால் எதற்கு எழுதினாய் என்று கேட்டான். எனக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. இங்கே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. காரியாலயங்களில் தினமும் புழங்கும் பெயர். ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. கடைசியில், "நீ எனக்கு வேண்டியவன். அதனால நான் அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு எழுதுனேன்" என்றேன்.

"வேண்டியவுகன்னா பேசணும்க்கா. பேசாம இருக்கறதுக்கா வேண்டியவுக?"

பிறகு அவனாகவே போனை வைத்தான். இருபத்திரண்டு நாள் கூப்பிடவில்லை.

லோடை அழிக்க வேண்டும், இல்லையென்றால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றுமதிக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். செய்தி கேட்டதும் முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, உழைப்பு முழுதும் நெருப்புக்குப் போகவில்லையே என்று. அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் அது எங்கே போகும்?

எங்கள் அட்டவணைகளில் அதற்கு 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரே சொல். அந்தச் சொல்லோடு அந்தச் சரக்கின் கதை முடிந்துவிடும். வருஷக்கணக்காக அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

நானே பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். பந்தல்குடி ரோட்டில் பொடி அரைக்கும் மில்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சோதனை கீதனை கிடையாது. "எல்லாரும் அப்பிடித்தான் செய்றாக" என்றான். கப்பலுக்கு அனுப்பிய குவியலிலிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷச் செலவுக்கு எடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

சரக்கு ஊர் போய்ச் சேரும் வாரத்துக்கு அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். இனியாவுக்கு அப்போது இலையுதிர்கால விடுமுறைதான். ஆனால் ஹாக்கி முகாம் இருக்கிறது, நான் வரவில்லை என்றுவிட்டாள். முன்பென்றால் கெஞ்சியிருப்பேன்.

5

காரியாபட்டி தாண்டிப் பஸ் போகும்போதெல்லாம் எனக்கு அய்யாவின் ஞாபகம் வரும். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கடைசியாகக் கூட்டிவந்தது இந்த ரோட்டில்தான். ஈரலில் புற்று. குடிப்பாரா என்று டாக்டர்கள் மூன்று தடவை கேட்டார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் ஈரல் என்றதும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, ஒளிந்து ஒளிந்து குடித்திருப்பார் என்று. எழவு வீட்டிலேயே ஒரு சொந்தக்காரர் அப்படிச் சொல்ல, பாண்டி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

அஃப்ளடாக்சின் போய் உட்காரும் இடம் ஈரல்தான். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் புற்று வரலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அய்யா சாகும்போது நான் அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டதெல்லாம் கூலியோடு கொடுத்த கழிவு வத்தலும் சொத்தைக் கடலையும். இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஒரு சான்றும் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

பாண்டியின் மனைவி சுமதி மத்தியானம் சோறு போட்டாள். எந்த வத்தல் என்று கேட்டேன். "நம்ம வத்தல்தான் மதினி" என்றாள். ஒரு வேளையில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். பிசைந்து சாப்பிட்டேன். எதிரே பாண்டியின் ஐந்து வயது மகள் தட்டில் கை வைத்தபோதுதான் மீதியைச் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டேன்.

6

மறுநாள் காலையில் பதினெட்டு வீட்டு ஆட்களும் குடோனில் கூடினார்கள். திரும்பி வந்த சாக்குகள் சுவரோரமாகக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கப்பல் முத்திரை அப்படியே இருந்தது. நெடி கண்ணைக் கரித்தது.

நான் சரியாக ஆரம்பிக்கவில்லை. அறிக்கையில் எழுதுவதுபோல 'இடர்' என்று சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், யார் இடறி விழுந்தது என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். 'ரிஸ்க்' என்று மாற்றினேன். அது எல்லோருக்கும் தெரிந்த சொல். ரிஸ்க் எடுக்காமல் இந்தக் கரிசலில் விவசாயம் பார்க்க முடியுமா என்றார்கள். ரிஸ்க் என்றால் அவர்களுக்குத் துணிந்து எடுப்பது. தெரியாமல் சோற்றோடு உள்ளே போவதற்கு அது பெயர் இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன். இது வெளிநாட்டு வரம்பை மட்டுமல்ல, நம் நாட்டு வரம்பையும் தாண்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் கொதித்தாலும் போகாது. ஒரு சாக்கில் நாலு வத்தலில் இருக்கும், பக்கத்துச் சாக்கில் இருக்காது. எந்தச் சாக்கு என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் குழியில் போட்டு மூட வேண்டும். வீட்டில் எடுத்துவைத்ததையும் போட வேண்டும்.

தனலட்சுமி எழுந்தாள். நிலக்காரர் வீட்டுப் பெண். எம்.ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அவர்கள் காட்டில்தான் என் அம்மா வெகுகாலம் மிளகாய் எடுத்தாள். சங்கத்தில் பாண்டிக்கு அடுத்து அவள் பேச்சுக்குத்தான் மரியாதை.

"செல்வி, நாங்க பொறந்ததுலருந்து இதத்தான் திங்கிறோம். இதனால செத்தவுக யாரு? ஒரு பேரச் சொல்லு. சொல்லிட்டீன்னா எங்க சாக்க நானே தூக்கிக் கொட்டுறேன்."

சிலர் பாண்டியைப் பார்த்தார்கள். பாண்டி என்னைப் பார்த்தான். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பெயர். அது போதும். பதினெட்டு வீட்டுச் சாக்கும் குழிக்குப் போய்விடும். அதோடு, ஒளிந்து குடித்தார் என்ற பேச்சும் அன்றைக்கே செத்துவிடும். எட்டு வருஷமாக அவன் காத்திருந்தது அதற்காகவும்தான்.

எங்கோ ஒரு நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்து எதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேனோ அது இங்கே யாருக்கும் வேண்டாம். இங்கே யாரும் படிவம் கேட்கப்போவதில்லை.

"தெரியலக்கா" என்றேன். "எங்க அய்யா ஈரல் புத்துலதான் செத்தாரு. குடிச்சுச் சாகல, அது சத்தியம். இதனாலதான் செத்தாருன்னு என்னால சொல்ல முடியாது. இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராதுன்னும் சொல்ல முடியாது. நெறையப் பேரு ரொம்ப நாள் தின்னா அதுல சில பேருக்கு வரும். அந்தச் சில பேரு யாருன்னு யாருக்குமே தெரியாது."

"தெரியாமத்தான் கொட்டச் சொல்றியா?"

"ஆமாக்கா. தெரியாததனாலதான்."

தனலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். பாண்டி வெளியே போய்விட்டான். இன்னொன்றையும் அப்போதே சொன்னேன், பிறகு சொன்னால் காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிடும் என்று: மில்லுக்குக் கொடுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு நானே எழுதிக் கொடுப்பேன். யாரும் கத்தவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் பின்னால் சிலர் போனார்கள்.

பதினொரு வீட்டார் சம்மதித்தார்கள். ஏழு வீட்டார் இல்லை. தனலட்சுமி அந்த ஏழில் ஒருத்தி.

7

மத்தியானமே ஜேசிபி வந்து குழி வெட்டியது. சாக்குகளை அவிழ்த்துக் கொட்டிச் சுண்ணாம்பைத் தூவினார்கள். பாண்டி தன் சாக்குகளைக் கடைசியாகக் கொண்டுவந்தான். மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை குழிக்கரையிலேயே நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா அத்தன பேரும் கொட்டிருப்பாக" என்றான் பிறகு.

"தெரியாததத் தெரியும்னு எப்படிலே சொல்ல?"

"அய்யாவுக்காக."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

மறுநாள் விருதுநகர் போய் எழுதிக் கொடுத்தேன். என் பெயர், முகவரி, உறவு எல்லாம் எழுதினேன். அதிகாரி அதற்கு மறுநாள் வந்து மாதிரி எடுத்துவிட்டு மீதிச் சாக்குகளுக்கு சீல் வைத்தார். அதற்குள் இரண்டு வீட்டுச் சாக்குகள் போய்விட்டிருந்தன. எந்த மில்லில் அரைபட்டு யார் யார் வீட்டு அடுப்படிக்குப் போயின என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஏழு வீட்டில் ஐந்து வீடுகள் சங்கத்தை விட்டு விலகிவிட்டன. பாண்டி தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று சுமதி சொன்னாள். அடுத்த மிளகாய்க்கு மேலே தகரம் போட்டுத் தரையிலிருந்து உயர்த்திக் காயவைக்க வேண்டும் என்று சங்கத்தில் மிச்சமிருப்பவர்கள் பேசியிருக்கிறார்கள். இந்தத் தடவை உதவி செய்ய முடியுமா என்று பாண்டி என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து கிளம்பிய காலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தனலட்சுமி ரோட்டைக் கடந்து வந்தாள். அவள் சாக்குகளும் சீலுக்குள் இருந்தன. திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இடுப்பில் செருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் கையில் வைத்தாள். இரண்டு பிடி வத்தல்.

"எங்க வீட்டு டின்னுல உள்ளது. இதுல இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லு. உத்தேசமாச் சொல்லாத."

இரண்டு பிடியில் இல்லை என்று வந்தால் டின்னு முழுதும் இல்லை என்று ஆகாது, சோதிக்காமலே கொட்டிவிடுவதுதான் நல்லது என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. இப்போது ஒரு எண்ணாவது வேண்டும். மதுரையில் இறங்கி ஓர் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இங்கே காலை ஏழரை. ஊரில் பகல் பன்னிரண்டு. இனியா சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தனலட்சுமியைக் கூப்பிட்டேன்.

"சொல்லு செல்வி."

"இருக்குக்கா. நம்ம நாட்டு அளவுக்கும் மேல இருக்கு."

கொஞ்ச நேரம் கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"மருமக முழுகாம இருக்கா" என்றாள். அவள் குரல் தணிந்துவிட்டது. "அவளுக்கு என்ன ஆகும்?"

"தெரியலக்கா. ஒண்ணும் ஆகாமலே போகலாம். இன்னையிலருந்து அதப் போடாதீக."

இந்தத் தடவை அவள் அந்தத் 'தெரியல'வை என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை.

"சரி, வையி. கொழம்பு கொதிக்குது. எறக்கணும்."

ஆனால் அவள் போனை அணைக்கவில்லை, அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்போல. நானும் வைக்கவில்லை. சட்டி இறங்கும் சத்தம் கேட்டது. பின்கதவின் தாழ்ப்பாள் திறந்தது. தூரத்தில், மண்ணில் எதையோ கொட்டுகிற சத்தம். ஓர் இளம்பெண்ணின் குரல் என்னத்தை அங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டது.

"அடிப்பிடிச்சிருச்சுத்தா" என்றாள் தனலட்சுமி. "இன்னைக்கு மோர ஊத்திச் சாப்புடு."